விதை திரும்பி வந்தது, அரைக்க மில்தான் இல்லை

உள்ளூர் விளைச்சலை வாங்க ஆரம்பித்தாலே ரசாயன விவசாயம் பின்வாங்கிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாரம்பரிய நெல்லைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி.

1966-இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம் வந்தபோது நம் விவசாயிகள் ஒன்றும் ஏமாந்து போய் மாறவில்லை. பசி இருந்தது, குட்டைப் பயிர் யூரியா போட்டாலும் சாயாமல் நின்றது, பழைய ரகமான மாப்பிள்ளைச் சம்பாவோ நெடுநெடுவென்று வளரும், உரத்தைக் கொட்டினால் படுத்துவிடும், அப்புறம் யார் அதை வைத்திருப்பார்கள்? அப்படிக் கைவிட்டுப் போன ரகங்களைத் தேடித் திரும்பக் கொண்டுவந்ததில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாருக்கும் நெல் ஜெயராமனுக்கும் பெரிய பங்கு. ஜெயராமன் 174 ரகம் சேர்த்தார். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். எவ்வளவு எளிய கணக்கு!

ஆனால் சிக்கல் அறுவடைக்குப் பிறகுதான். என் சித்தப்பா அரை ஏக்கரில் கருப்புக் கவுனி என்ற பாரம்பரிய நெல் போட்டார். நாலைந்து மூட்டையை அரைக்க எந்தப் பெரிய மில்லும் தயாராக இல்லை, முந்தின ஆளின் நெல்லோடு கலந்துவிடும் என்றார்கள். கடைசியில் ஒரு வியாபாரி நெல்லாகவே அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போனார். அதே அரிசி நகரத்துக் கடையில் அழகான பையில் என்ன விலை விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் (நானே ஒருமுறை வாங்கிவிட்டு வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்).

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை காய்கறிக்கு இடைத்தரகரை ஒதுக்கியது. நெல்லுக்கு அப்படி ஒன்று வேண்டுமானால் முதலில் ஊருக்கு ஒரு சின்ன அரவை மில் வரட்டும்.