பத்து ஃபண்டில் பிரித்துப் போட்டால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை குமுளியில் மியூச்சுவல் ஃபண்டு முதலீடு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. “எல்லாம் ஒரே நேரத்துல இறங்குனா என்ன செய்யிறது தம்பி?” என்று கேட்டார் ஒரு பெரியவர். “பத்து ஃபண்டுல பிரிச்சாச்சுல்ல, நிம்மதியாத் தூங்குங்க ஐயா” என்று மேடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு மைக்கை அடுத்தவரிடம் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பத்து ஃபண்டு என்றால் பத்துப் பை, அவ்வளவுதான். பிரித்துப் பாருங்கள், பல பைகளில் அதே வங்கிப் பங்குகள்தான். எது எதோடு சேர்ந்து விழும்? அதைத்தான் அவர் கேட்டார். 2020 ஜனவரியில் 12,400 தொட்ட நிஃப்டி, அதாவது ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு, மார்ச் 23-ல் 7,610. அந்த மாதம் தங்கமும் சில நாள் சரிந்தது, காசு தேவைப்பட்டவர்கள் விற்க முடிந்ததையெல்லாம் விற்றதால். ஏப்ரல் 23-ல் ஒரு பெரிய நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை (நம் பணத்தைக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டுகள்) மூடியது. போட்ட பணத்தை அப்போது எடுக்க வழியில்லாமல் போனது.

நம்ம ஏலக்காய் மலையில் இன்னும் சிக்கல். வண்டன்மேட்டுக்காரருக்கு வருமானம் ஏலக்காய், நிலத்தின் விலையும் ஏலக்காய், சீட்டில் கூட இருப்பவர்களும் ஏலக்காய்க்காரர்கள். 2019-ல் கிலோ 7,000 வரை போன காய், 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. இதில் எதை எதிலிருந்து பிரித்தோம்?

ஒரு தாளை எடுங்கள். 20 லட்சம் என்று வைப்போம்: பங்கு ஃபண்டு 10, கடன் ஃபண்டு 4, நகை 3, சீட்டு 3. பங்கில் 40 சதவீதம் அடியுங்கள், மிச்சம் 6. அதை விற்கக் கூடாது. கடன் ஃபண்டு ஆறு மாதம் முடங்கியது, சீட்டுப் பணம் வரவில்லை என்று இரண்டுக்கும் பூஜ்யம் போடுங்கள். நகை 10 சதவீதம் இறங்கி 2.7, அடகு வைத்தால் முக்கால் பங்கு கிடைக்கும் என்று வைப்போம், சுமார் 2 லட்சம். காய் வருமானமும் நின்றுவிட்டது. வீட்டுச் செலவு மாதம் 40,000 என்றால் ஐந்து மாதம். 20 லட்சம் வைத்திருப்பவருக்கு ஐந்தே மாதம்!

“2020 நவம்பரிலேயே நிஃப்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டதே” என்பீர்கள். வந்தது. ஏப்ரலில் பிள்ளையின் ஃபீஸுக்கு விற்றவருக்கு வரவில்லை. “பயமுறுத்தாதீர்கள்” என்றும் சொல்வீர்கள். கணக்குப் போடுவது பயமுறுத்துவதா? எஸ்டேட்காரருக்குக் கணக்கு புரியாது என்ற நினைப்புதான் அந்தச் சிரிப்பில் இருந்தது. மழையும் விலையும் சேர்ந்து கைவிட்ட வருடங்களைக் கடந்து வந்தவர்கள் நம்ம ஆட்கள்.

ஒரு வருடச் செலவு 4.8 லட்சத்தை இப்போதே கடன் ஃபண்டிலிருந்து எடுத்து, குறைவதை முதலில் வரும் சீட்டுப் பணத்தில் நிரப்பி, இரண்டு வங்கிகளில் டெபாசிட் போடுங்கள். ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு.

அந்தப் பெரியவரைத் தெரிந்தவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 40,000 என்ற இடத்தில் அவர் வீட்டுச் செலவைப் போட்டுக்கொள்ளட்டும்.