மேலுரம் கதிர் வந்த பிறகு அல்ல

நெல்லின் பருவங்கள் பற்றி வந்த கட்டுரை அவற்றை நன்றாகச் சொல்கிறது. மேலுரம், அதாவது வளரும் பயிருக்கு இடும் உரம் பற்றி அதில் வரும் "கதிர் வெளிவந்ததும் யூரியா" என்ற வரியை மட்டும் திருத்துங்கள். அதற்குள் கதிரில் எத்தனை மணி என்பது முடிவாகிவிட்டிருக்கும். அது முடிவாகத் தொடங்குவது பூப்பதற்கு ஏறத்தாழ 30 நாள் முன்னால், தண்டுக்குள்ளே. ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகத்தில் விதைத்த 50ஆம் நாள் வாக்கில்; நீண்டகால ரகமான சி.ஆர். 1009க்கு 95ஆம் நாளை ஒட்டி.

நாள் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். ஒரு தாய்த்தூரை (முதலில் வந்த தண்டை) பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். மேல்கணுவுக்குச் சற்று மேலே 1-2 மி.மீ. அளவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி நுனி தெரிந்தால், அதுதான் இளங்கதிர். உரம் அப்போது. தண்ணீரைச் சுண்ட வடித்துவிட்டுப் போட்டு, பிறகு தண்ணீர் கட்டினால் உரம் வாய்க்காலோடு போகாது. பிந்திப் போட்டால் பயிர் கரும்பச்சையாய் நிற்கும், பார்க்க அழகுதான். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் அதைத்தான் தேடி வரும், காற்றடித்தால் சாயும்.

இன்னொன்று, பூ விரிவது முற்பகலில். அந்நேரம் மருந்தடித்தால் பதர் கூடும். பூத்து 30 நாளில் அறுப்பு. கதிரில் 80 சதவீதம் பழுத்தால் போதும். அடிமணி பச்சையாக இருக்கிறதே என்று காத்திருந்தால் நுனிமணி உதிர்ந்துவிடும்.