தேர்வுத்தாளுக்கு அப்பன் பெயர் தெரியாதா?
'தேர்வுத்தாளுக்கு அப்பன் பெயர் தெரியாது, அதனால்தான் நுண்ணறிவுத் தேர்வு ஜனநாயகமானது' என்கிறது ஒரு கட்டுரை. எழுதியவன் எந்தக் குடும்பம் என்று பார்க்காமல் அறிவை மட்டும் அளக்குமாம். பெயர் தெரியாதுதான், ஆனால் வளர்ந்த வீடு நன்றாகவே தெரியும். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பதினேழு லட்சம் பேருக்கு வைத்த நுண்ணறிவுத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கான ஆல்பா தாளில், கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா என்று ஒரு கேள்வி. அது அந்த ஊர்க் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. இத்தாலியிலிருந்து வந்து சில வருஷமே ஆனவனுக்கு எப்படித் தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான பீட்டா தாளிலோ டென்னிஸ் மைதானப் படம், விட்டுப்போன வலையை வரைய வேண்டுமாம்! இதில் கூத்து என்னவென்றால், அமெரிக்காவில் அதிக வருஷம் இருந்த குடியேறிகள் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். பழக்கம்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். அந்த மதிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் பிரிகாமுக்குத் தோன்றவில்லை. பின்னால் வந்தவர்கள் மட்டமான இனத்தார் என்று 1923-ல் முடிவுகட்டினார். 1926-ல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் (SAT) தேர்வை உருவாக்கியவரும் இவரேதான். 1930-ல் அந்த முடிவுக்கு ஆதாரமில்லை என்று அவரே எழுதிவிட்டார், அது வேறு கதை. அப்புறம், இந்த வகைத் தேர்வுக்கு வழிகாட்டிய பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினேவை இதற்கெல்லாம் சிலர் திட்டுகிறார்கள், பாவம். 1905-ல் பாரிஸில் அவர் தேடியது வகுப்பில் தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளை மட்டும்தான்.