வெயிலுக்கும் அரசாணைக்கும் நடுவே ஒரு வேலை

காலநிலை அறிவியல் படித்தால் என்ன வேலைக்குப் போவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் அகமதாபாத்தைத்தான் காட்டுவேன்.

2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரி வரை போனது. அந்த ஒரு மாதத்தில் 4,462 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டால் 1,344 பேர் அதிகம். ஆனால் இறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் வெயிலைக் காரணமாகக் காட்டாது. மாரடைப்பு என்றிருக்கும், சிறுநீரகம் என்றிருக்கும், முதுமை என்றிருக்கும். காந்திநகர் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் டாக்டர் திலீப் மாவலங்கரும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் காரணத்தை ஒதுக்கிவிட்டு, மொத்த இறப்புகளை நாள்வாரியாக எண்ணினார்கள். உலகம் சூடாகிறது என்று எத்தனை அறிக்கை வந்தாலும் அசையாத ஒரு மாநகராட்சியை, அதன் சொந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணால் அசைக்க முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது. 41 டிகிரி தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 43 தாண்டினால் ஆரஞ்சு, 45 என்றால் சிவப்பு. எந்த நிறத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருத்துவமனை என்ன தயார் செய்ய வேண்டும் என்பதெல்லாம் கோடைக்கு முன்பே எழுத்தில் இருந்தது. ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் வார்டு கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்திருக்கிறது. அதைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள். வெப்பத்தால் அங்கே சேர்க்கப்படும் சிசுக்கள் குறைந்தார்கள். இந்தத் திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாகப் பின்னால் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இப்போது நம் ஊர். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மனதார வரவேற்கிறேன். ஆனால் பகலெல்லாம் கம்பி கட்டிய தொழிலாளி இரவு வீட்டில் நெஞ்சுவலியில் போய்விட்டால், அது வெயில் சாவு என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அகமதாபாத்தின் 45ஐ அப்படியே இங்கே வாங்கி ஒட்டவும் முடியாது. கடற்காற்று தாமதமாகும் நாளில் சென்னைக்கு 39 டிகிரியே கொடுமை. ஈரப்பதம் வியர்வையை உலர விடாது, உடம்பு சூட்டை இறக்கவே முடியாது. வேலூரின் வறண்ட வெயில் வேறு, தூத்துக்குடி உப்பளத்தில் தரையிலிருந்தும் அடிக்கும் வெயில் வேறு. ஒவ்வோர் ஊருக்கும் எந்த அளவில் சாவு கூடுகிறது என்று பார்க்க, வானிலைத் தரவும் புரிய வேண்டும், கோப்பு எந்த மேசையில் நிற்கும் என்பதும் தெரிய வேண்டும். அப்படி ஒருவர் நம் மாநகராட்சிகளில் நிரந்தரமாக வேண்டும். திட்ட நிதி தீர்ந்ததும் கிளம்பிவிடும் ஆலோசகரால் இது ஆகாது.

மாநகர் நல அலுவலரின் கீழ் ஒரு பணியிடம், தேர்வாணையம் வழியாக. கோடை பிறக்கும் முன் கடந்த பத்தாண்டு இறப்புப் பதிவேடு அவர் கையில் இருக்க வேண்டும். இதைத்தான் கேட்கிறேன்.