அந்தமானுக்கு நான்கு டிக்கெட், அதற்கு இத்தனை பாடா?

விலையைக் கேட்டால் போன் நம்பரைக் கேட்கிறார்கள். அந்தமான் சுற்றுலா விற்பவர்களிடம் நான் முதலில் கொதித்துப்போனது இதற்குத்தான். விளம்பரத்தில் கடல் இருக்கும், வெள்ளை மணல் இருக்கும், ‘4 இரவு 5 பகல்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தொகை மட்டும் இருக்காது. நம்பரைக் கொடுத்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டு, “மேடம், பட்ஜெட் எவ்வளவு வெச்சிருக்கீங்க?” என்று ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் விற்கிற பொருளுக்கு நீங்கள்தானே விலை சொல்ல வேண்டும்? என் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு சொல்வதெல்லாம் ஒரு விலையா?

சரி, விலையை விடுங்கள். அந்த ஐந்து பகலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் பகல் வந்து இறங்குவதில் போய்விடும். ஐந்தாம் பகல் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் மிஞ்சுகிற மூன்று நாளுக்குள் செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, ஹேவ்லாக், எலிபென்ட் பீச், நீல் தீவு, முடிந்தால் பாராடாங். எனக்கு வந்த ஒரு பட்டியலில் ஹேவ்லாக்கையும் சுவராஜ் தீவையும் தனித்தனி இடங்களாகப் போட்டிருந்தார்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக்குக்கு வைத்த புதுப் பெயர்தான் சுவராஜ் தீவு. ஒரே தீவை இரண்டு முறை எண்ணி விற்கிறார்கள், நாம் எங்கே இதையெல்லாம் பார்க்கப்போகிறோம் என்கிற தைரியம்!

இன்னொரு பட்டியலில், டிசம்பர் கடைசி வாரத்துக்கு, ‘மாலை 6 மணி: ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்’ என்று இருந்தது. அந்தமான் நமக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனால் அங்கேயும் நம் கடிகார நேரம்தான். அதனால் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் 5 மணியை ஒட்டியே சூரியன் இறங்கிவிடுகிறது. 6 மணிக்குப் போனால் இருட்டுதான். நீல் தீவின் இயற்கைப் பாலமும் இப்படித்தான். கடல் நீர் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் பாறைகள் மேல் நடந்து அதன் அருகே போக முடியும். அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். ஆனால் பேக்கேஜில் வருஷம் முழுக்க, எல்லோருக்கும், காலை 11 மணி. நீர் ஏறியிருந்தால் அலைக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு போட்டோ, அப்புறம் வண்டியில் ஏறு. இதற்கா ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் சீட்டுக் கட்டிப் பணம் சேர்க்கிறது?

“அப்போ நீங்களே பிளான் பண்ணிப் போங்களேன்” என்று சொல்பவர்களுக்காகத்தான் இதற்கு மேல் எழுதுகிறேன். நானேதான் திட்டம் போட்டேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், கணவர், பள்ளிக்கூடம் போகிற பையன், முட்டி வலியோடு இருக்கும் அம்மா. ஆசைப்பட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. நீல் தீவில் ஓர் அறை எடுத்து, எங்கேயும் ஓடாமல், அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், பையன் கரையோரம் பவளப்பாறைகளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

எப்போது போவது? முதல் முட்டுக்கட்டையே அங்கேதான். அந்தமானில் வானம் வெளுத்து, கடல் அமைதியாக இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. நம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் திருப்புதல் தேர்வும் முழு ஆண்டுத் தேர்வும். மே மாதம் லீவு விட்டால், தென்மேற்குப் பருவமழை இந்தியாவிலேயே முதலில் இறங்குவது அந்தமான் கடலில்தான், அதுவும் மே மூன்றாவது வாரத்தை ஒட்டி. காலாண்டு லீவில் மழை இன்னும் முழுதாக விட்டிருக்காது. மிஞ்சுவது அரையாண்டு விடுமுறை. நாடு முழுக்கக் கிளம்புகிற அதே பத்து நாள். அந்தப் பத்து நாளைக் காட்டித்தான் விமானக் கம்பெனியிலிருந்து ஓட்டல் வரை எல்லோரும் நம் கழுத்தில் கை வைக்கிறார்கள்.

விமான டிக்கெட்டை ராத்திரி பார்த்து, “காலையில் அம்மாவிடம் ஆதார் வாங்கிப் போட்டுவிடலாம்” என்று படுத்தால், காலையில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு மாத வாடகை அளவுக்கு ஏறியிருக்கிறது. கேட்டால் தேவை கூடினால் விலை கூடும் என்பார்கள். வேறு ஊர் என்றால் ரயிலில் போவேன், பஸ்ஸில் போவேன். கடலுக்கு நடுவில் இருக்கிற ஊருக்கு என்ன செய்வேன்? “கப்பல்ல போலாமே!” என்று மாமா சொன்னார். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் உண்டுதான். ஆனால் மாதத்தில் சில நாட்கள்தான் கிளம்பும். போய்ச் சேர மூன்று நாள் வரை, திரும்ப அதே அளவு. பத்து நாள் லீவில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மத்திய அரசு ஊழியர்களுக்காவது எல்டிசி என்கிற விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் போக வழி வைத்திருக்கிறார்கள். எங்களைப் போலத் தனியார் வேலையில் இருப்பவர்கள் முழுப் பணத்தையும் கையிலிருந்துதான் போட வேண்டும்.

டிக்கெட் படிவத்தில் இன்னொரு கொடுமை. குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகவே விடாது. அம்மாவின் ஆதாரில் இருப்பது ஓர் இனிஷியலும் பெயரும்தான். ஒற்றை எழுத்தைப் போட்டால் தப்பு என்று சிவப்புக் கோடு. தாத்தா பெயரை விரித்துப் போட்டால் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று வாசலில் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். கோடிக்கணக்கான பேர் இனிஷியலோடு வாழ்கிற நாட்டில் இன்னும் இதைச் சரிசெய்ய முடியவில்லையா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு வயிறு எரிவது தீவுக்குத் தீவு போகிற கப்பல் விஷயத்தில்தான். போர்ட் பிளேரில் இறங்கினால் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) நீல் தீவுக்கோ ஹேவ்லாக்குக்கோ கடல் வழிதான். அரசுக் கப்பலில் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். தனியார் கப்பலில் ஒருவருக்கு ஒரு வழிக்கே ஆயிரத்தைத் தாண்டும். அரசுக் கப்பலில் தீவுக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு. அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஹேவ்லாக்கில் ஒருவருக்குப் பெரிய சிகிச்சை தேவை என்றால் போர்ட் பிளேரில் இருக்கும் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வந்தாக வேண்டும். அவர்கள் முதலில் ஏறட்டும். நான் கடற்கரையைப் பார்க்க வருகிறவள், என் அவசரம் அவர்கள் அவசரத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது.

ஆனால் மிச்சம் இடம் இருக்கிறதா, இல்லையா என்பதையாவது முன்கூட்டியே சொல்லலாம் அல்லவா? விமான டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாகப் போடாவிட்டால் கையைக் கடிக்கும். அறைக்கு முழுப் பணமும் முன்பணமாகக் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் இணைக்கிற அரசுக் கப்பல் டிக்கெட்டோ பயணத்துக்குச் சில நாள் முன்புதான் கைக்கு வரும். பணம் முழுவதையும் கட்டிவிட்டு, கப்பலில் இடம் கிடைக்குமா என்று தெரியாமல் விமானம் ஏற வேண்டும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் இன்டர்நெட் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்துவைத்தார்கள். அது ஹேவ்லாக் வரைக்கும் போகிறது. அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடிந்த நாட்டில், ஒரு மாதத்துக்கு முன் கப்பல் நேரத்தையும் காலி இடத்தையும் போட முடியாதா?

இந்த இடைவெளியில்தான் ஏஜென்டுகள் புகுந்துகொள்கிறார்கள். எங்களுக்கு வேண்டிய தேதிக்குத் தனியார் கப்பலில் பார்த்தேன், இடம் இல்லை என்று காட்டியது. அதே தேதியைச் சொல்லி ஓர் ஏஜென்டிடம் கேட்டேன். “பேக்கேஜ் எடுத்தீங்கன்னா சீட் இருக்கு மேடம். டிக்கெட் மட்டும் தனியா தரமாட்டோம்.” அப்படியென்றால் இடம் இருக்கிறது! என் அம்மாவுக்கு ஓர் இருக்கை எங்கேயோ காலியாக இருக்கிறது. அது வேண்டுமென்றால் எனக்கு வேண்டாத எலிபென்ட் பீச்சையும், வேண்டாத கண்ணாடிப் படகையும், காலை 11 மணி இயற்கைப் பாலத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமா, சோப்பும் வாங்கு என்பதைப் போல. அந்த ஏஜென்டிடம் நான் சத்தம் போட்டேன். அவர் சாவகாசமாக, “டிசம்பர்னா அப்படித்தான் மேடம்” என்றார்.

டிசம்பர் என்றால் இன்னொன்றும் உண்டு, அதை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. புயல். 2016 டிசம்பரில், பின்னால் வர்தா என்று சென்னையைப் புரட்டிப்போட்டதே, அந்தப் புயல் உருவாகி வருகிற நாட்களில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கப்பல் ஓடவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் மீட்டு வந்தார்கள். கடல் சீறினால் கப்பலை நிறுத்தத்தான் வேண்டும், அது உயிர்ப் பிரச்சினை. நிறுத்தினால் கப்பல் கட்டணம் திரும்பும். அறைக்குக் கட்டியது? “நோ ரீஃபண்ட், மேடம்.” தவறவிட்ட விமானம்? அதுவும் நம் தலையில். பேக்கேஜ் காகிதத்தின் கடைசியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘வானிலை காரணமாக ஏற்படும் மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல’. டிசம்பரில் வங்கக் கடலில் புயல் வரும் என்பது கடற்கரை ஓரம் வாழ்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தெரிந்தே விற்றுவிட்டு, வந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்பது எந்த ஊர் நியாயம்?

பாராடாங் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சுண்ணாம்புக் குகையைப் பார்க்க விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசை கட்டி, காவல்துறைப் பாதுகாப்போடுதான் காட்டுக்குள் அனுப்புவார்கள். அது ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அவர்கள் சில நூறு பேர்தான். அந்தச் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொன்னது. வழியில் வண்டியை நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். இத்தனைக்குப் பிறகும் என்னிடம் ஓர் ஆள் போனில் சொன்னார், “லக் இருந்தா ட்ரைபல்ஸையும் பாக்கலாம் மேடம், பையனுக்குப் பிடிக்கும்.” எனக்கு உடம்பே பற்றி எரிந்தது. மனிதர்களைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். அதை என் பிள்ளையின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். அந்த நம்பரை அப்போதே தடை செய்தேன். பாராடாங்கையும் எங்கள் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். குகை பார்க்காமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது எங்கள் நிலைமை இதுதான். அறைக்கார அம்மா நல்லவர், திங்கட்கிழமை வரை பணம் கேட்காமல் அறையை வைத்திருக்கிறேன் என்றிருக்கிறார். விமான டிக்கெட் தினம் ஏறுகிறது. அம்மா போனில் நீல் தீவின் படங்களைப் பார்த்துக்கொண்டு, “கெடைக்கலன்னா விடுடி, ராமேஸ்வரம் போலாம்” என்கிறார். எனக்காகச் சொல்கிறார் என்று தெரியும். நான் விடுவதாக இல்லை. எனக்குத் தள்ளுபடி வேண்டாம், தேன்நிலவு அலங்காரம் வேண்டாம், கேக் வேண்டாம். டிசம்பர் 29 காலை, போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவுக்கு, நான்கு பேர். இடம் உண்டா, இல்லையா? உண்டென்றால் எவ்வளவு?