முன் பால்கனிக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனத்துக்கு

குரூஸ் புக் செய்ய உட்காருகிறவர்கள் டெக் வரைபடத்தைத் திறந்ததும் முதலில் விரல் வைப்பது கப்பலின் மூக்கில்தான். நேராக முன்னால் பார்க்கிற பால்கனி, கேப்டன் பார்ப்பதையே நாமும் பார்க்கலாம், எதிரே கடல் முழுக்க நமக்கே என்று ஒரு கற்பனை. பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்காக அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம், அந்த ஆசை எங்கே போகும். ஆனால் பஸ்ஸில் முன்னால் கண்ணாடி இருக்கிறது. பால்கனியில் கிடையாது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் ஊர்ந்து போகிற பாதையாக இருந்தால் முன் பால்கனி எடுங்கள். திறந்த கடலில் ஓடுகிற பயணம் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம், சும்மா கொடுத்தாலும்.

கணக்கு எளிது. பெரிய கப்பல் ஒன்று மணிக்கு 20 கடல் மைல் போகிறது என்றால் அது 37 கிலோமீட்டர். சுத்தமாகக் காற்றே இல்லாத நாளிலும் முன் பால்கனியில் நிற்கிறவர் முகத்தில் அந்த 37 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். எதிர்க்காற்றும் அதே அளவு சேர்ந்துவிட்டால் 74. நம் வானிலை ஆய்வு மையம் ஒன்றைப் புயல் என்று அறிவிப்பதே 62 கிலோமீட்டரில்தான். அதாவது, காபி கோப்பையோடு நிற்கலாம் என்று நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இடத்தில் புயல் வீசிக்கொண்டிருக்கும், பக்கவாட்டு பால்கனிக்காரர் அதே நேரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் போனபோது முதல் நாள் சாயங்காலமே ஊழியர் ஒருவர் வந்து பால்கனி நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கம்பியோடு கட்டிவிட்டுப் போனார். அதுவே ஒரு அறிகுறி. கதவின் ரப்பர் விளிம்பில் விரல்நுனி அளவுக்கு ஒரு இடைவெளி, அதன் வழியே ராத்திரி முழுக்க விசில். மனைவி ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் அடங்கியது, துண்டு காய்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது. பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது யாராவது அறைக் கதவையும் திறந்தால் அவ்வளவுதான், மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் காரிடாரில் கிடக்கும்.

அப்புறம் அந்த நோட்டீஸ். பொழுது சாய்ந்ததும் திரையை முழுதாக இழுத்து மூடுங்கள், பால்கனி விளக்கைப் போடாதீர்கள் என்று முன்பக்க அறைகளில் எழுதியே வைத்திருப்பார்கள். இது ஏதோ கெடுபிடி இல்லை. கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜ் நம் அறைக்கு மேலேயோ கீழேயோதான் இருக்கிறது, அங்கே இருட்டுக்குப் பழகிய கண்ணோடு அதிகாரிகள் தூரத்து மீன்பிடிப் படகின் சின்ன விளக்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கண்காணிப்புக்கு இடைஞ்சலாக வேறு விளக்கு எரியக் கூடாது என்று 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 20ஆவது விதியே சொல்கிறது. சரி, நியாயம்தான். ஆனால் ராத்திரி ஆனதும் மூடியே கிடக்கிற ஒரு ஜன்னலுக்கு நாம் எவ்வளவு கொடுத்தோம் என்று யோசிக்க வேண்டுமா இல்லையா?

புக்கிங் படத்தில் தெரியாத இன்னொன்று, கைப்பிடிச் சுவர். பக்கவாட்டு பால்கனிகளுக்குப் பெரும்பாலும் கண்ணாடித் தடுப்பு இருக்கும், உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம். முன்பக்கத்தில் அலையும் காற்றும் நேரே மோதும் என்பதால் பல கப்பல்களில் கெட்டியான இரும்புத் தகடுதான். உட்கார்ந்தால் வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்பு தெரியும், கடல் தெரிய எழுந்து நிற்க வேண்டும், எழுந்து நின்றால் மேலே சொன்ன காற்று. இதைப் போய் ஏஜென்ட்டிடம் கேட்டால் "பிரமாதமான வியூ சார்" என்பார். நீங்களே அந்த அறை எண்ணைப் போட்டு வீடியோ தேடிப் பாருங்கள்.

ஆட்டத்தைப் பற்றி நீட்டவில்லை. கப்பலின் நடுப்பகுதி குறைவாகவும் இரண்டு முனைகளும் அதிகமாகவும் ஏறி இறங்கும், மேல் டெக் என்றால் இன்னும் கூடுதல். நங்கூரம் போடும் துறைமுகங்களில் விடியற்காலை அந்தச் சங்கிலி இறங்கும் சத்தமும் முன்பக்கத்துக்காரர்களுக்குத்தான், அதுவும் கீழ் டெக்கில் இருப்பவர்கள் அலாரமே வைக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், பனாமா கால்வாய் மாதிரி இடங்களுக்காக. அங்கே லாக் என்பது கப்பலை உள்ளே நிறுத்தித் தண்ணீர் நிரப்பி ஏற்றுகிற, வடித்து இறக்குகிற, கதவு போட்ட பெரிய தொட்டி. 1914இல் திறந்த பழைய லாக்குகளின் அகலம் 33.5 மீட்டர். அதற்குள் நுழையக் கூடிய பெரிய கப்பலின் அகலம் 32 மீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் கை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். அட்லாண்டிக் முனையில் இருக்கிற காட்டூன் லாக்குகளில் மூன்று படியாகத் தண்ணீரை நிரப்பிக் கப்பலைக் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள், கரையில் தண்டவாளத்தில் ஓடும் சின்ன எஞ்சின்கள் இருபுறமும் கம்பிவடம் பிடித்துக் கப்பலை நேராக நிறுத்திக்கொண்டே கூட வருகின்றன. இது எல்லாவற்றையும் பக்கவாட்டு பால்கனியில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? அவருக்குக் கிடைப்பது கான்கிரீட் சுவர். எதிரே அந்த இரட்டைக் கதவு மெதுவாக விரிவது முன்னால் நிற்கிறவருக்கு மட்டும். லாக்குகளுக்குள் காற்றும் அதிகம் இருக்காது, கப்பல் நடக்கிற வேகத்தில்தான் போகும். பகல் முழுக்க அப்படியே நிற்கலாம், தொப்பி மட்டும் மறக்காதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். ஒன்று கவனிக்க: ரொம்பப் பெரிய கப்பல்கள் 2016இல் திறந்த அகலமான புது லாக்குகள் வழியாகத்தான் போகும், அங்கே இந்த எஞ்சின்கள் கிடையாது, இழுவைப் படகுகள்தான்.

அலாஸ்கா கொஞ்சம் வேறு மாதிரி. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பலுக்கு மேல் விடமாட்டார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் போய் நின்றதும் கேப்டன் கப்பலை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டிவிடுவார், அதனால் அந்த நேரத்தில் பக்க பால்கனிக்காரர்களுக்கும் குறை ஒன்றும் இல்லை. முன் பால்கனியின் லாபம் அங்கே போய்ச் சேரும் வரைதான், இருபுற மலையும் விலகி விலகி வழிவிடுகிற அந்தச் சில மணி நேரம். அதற்கும்கூட அறை எடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. ஹாலண்ட் அமெரிக்கா கம்பெனியின் கப்பல்களில் அன்றைக்கு முன் தளத்தையே எல்லோருக்கும் திறந்துவிட்டுச் சுடச்சுடப் பட்டாணி சூப் கொடுப்பார்கள். ராயல் கரீபியனின் பல கப்பல்களில் மூக்கில் இருக்கிற ஹெலிபேடுக்குப் போய் நிற்கலாம். நார்வீஜியன் பிளிஸ் கப்பலில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெரிய ஹாலே இருக்கிறது, காற்றும் வராது, விசிலும் அடிக்காது, உட்கார சோபா. ஜன்னலே இல்லாத உள் அறை எடுத்தவரும் அங்கே உட்காரலாம்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று போகிற குட்டிப் பயணங்களுக்கு நம்மவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதிதான், ஆட்டம் பெரிதாக இருக்காது. ஆனால் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓட்டம், நீங்கள் முழித்திருக்கும் நேரத்தில் கப்பல் பாதி நாள் துறைமுகத்தில் நிற்கும், அப்போது முன் பால்கனியிலிருந்து தெரிவது என்ன என்பது கப்பலை எந்தப் பக்கமாகக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்களுக்கு நடுக் கப்பலில், லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை பாருங்கள், சாப்பாட்டுக் கூடம் பல கப்பல்களில் பின்பக்கம் இருக்கும், மூக்கிலிருந்து அங்கே போய்த் திரும்புவதற்குள் சாப்பிட்டது செரித்துவிடும். முன் பால்கனியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாய்க் கதவு திறக்கும் நேரத்துக்கு அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் போதும், அதற்கு முன்னால் ஊழியரிடம் சொல்லி நாற்காலிக் கயிற்றை அவிழ்த்து வையுங்கள்.