மணியை மாற்றுவது இருக்கட்டும், ஒரே நாளில் மாற்றித் தொலையுங்கள்

மார்ச் வந்தால் டேலைட் சேவிங், அதாவது கோடை மாதங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் வழக்கம், தேவையா என்ற சண்டை தொடங்கிவிடும். மின்சாரம் மிச்சமாகிறது, இல்லை, தூக்கம்தான் போகிறது என்று இரண்டு பக்கமும் பேசுவார்கள். உண்மையான குடைச்சல் அந்த ஒரு மணி நேரத்தில் இல்லை. ஆளுக்கொரு நாளில், ஆளுக்கொரு விதியில் மாற்றுகிறார்களே, அதில் இருக்கிறது.

அமெரிக்கா 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு மணியை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறது. ஐரோப்பாவுக்கு மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகள். நியூயார்க் காலை 9 மணிக் கூட்டம் குளிர்காலத்தில் லண்டனுக்கு மதியம் 2, சென்னைக்கு இரவு 7:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு கழிந்ததும் லண்டனுக்கு 1, சென்னைக்கு மாலை 6:30. இரண்டு மூன்று வாரத்தில் லண்டன் மறுபடி 2 மணிக்கு வந்துவிடும், சென்னை 6:30-லேயே நிற்கும். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் லண்டனுக்கு இதே கூத்து. கடிகாரத்தைத் தொடாத நாம்தான் ஒவ்வொரு முறையும் கணக்குப் போடவேண்டும்.

மாற்றும் விதமும் ஒன்றில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே கணத்தில் மாறும். அமெரிக்காவில் ஒவ்வொரு மண்டலமும் தன் அதிகாலை 2 மணி வரும்வரை காத்திருக்கும். அதனால் எப்போதும் ஒரு மணி தள்ளி இருக்கும் நியூயார்க்கும் சிகாகோவும் மார்ச்சில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் இரண்டு மணி தள்ளி நிற்கும். அரிசோனா மாற்றாது, அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடி நிலம் மாற்றும், நவஹோவுக்குள் இருக்கும் ஹோப்பி நிலம் மாற்றாது! ஆஸ்திரேலியாவில் சிட்னி மாற்றும், பிரிஸ்பேன் மாற்றாது, லார்ட் ஹோவ் தீவு அரை மணி மட்டும் மாற்றும். மொராக்கோ ரமலானுக்கு மட்டும் ஒரு மணி பின்னே போகும்.

இலங்கை 1996-ல் மின் தட்டுப்பாட்டால் ஒரு மணி முன்னே தள்ளி, அதே ஆண்டு அரை மணி திரும்பி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி மாறவே இல்லை. பத்தாண்டு ஒரே தீவில் இரண்டு நேரம்.

கணினியில் இரவில் தானாக ஓடும் வேலைகளை நேரம் குறித்து வைப்பவர்கள் கவனிக்க: அமெரிக்காவில் அந்த மார்ச் ஞாயிறு அதிகாலை 2:30 என்ற நேரமே கிடையாது. நவம்பரில் 1:30 இரண்டு முறை வரும். 2:30-க்கு வைத்த பேக்கப் விட்டுப்போகலாம், 1:30-க்கு வைத்த பில்லிங் இருமுறை ஓடலாம். உள்ளூர் நேரம்தான் வேண்டுமென்றால் அதிகாலை 1 முதல் 3 வரை எதையும் வைக்காதீர்கள்.

அழைப்பிதழில் ஜூலை மாதம் ஈ.எஸ்.டி. என்று போடுவது பிழை, அது நியூயார்க் இருக்கும் மண்டலத்தின் குளிர்கால நேரத்தின் பெயர். ஐ.எஸ்.டி. இன்னும் மோசம்: இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுக்கும் அதுவே. ஊர்ப் பெயரைப் போடுங்கள்.

நடந்து முடிந்ததை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கலாம். வரப்போகும் சந்திப்பை உள்ளூர் நேரமும் ஊர்ப் பெயருமாகச் சேமியுங்கள், அரசுகள் கடைசி நிமிடத்தில் மனம் மாறும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு இரண்டே நாள் முன்பு கோடை நேரத்தைத் தள்ளிப்போட்டது. தேவாலயங்கள் மறுத்தன, சில கைப்பேசிகள் பழைய விதிப்படி தாமாகவே மாறிக்கொண்டன. சில நாளில் அரசே பின்வாங்கியது. அந்த வாரம் பெய்ரூட்டில் 10 மணி என்றால் 'எந்த 10?' என்று கேட்கவேண்டியிருந்தது.